ஸ்லீவா, பைபாஸா? எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும் வழி

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை பற்றி மருத்துவரிடம் போகிறவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "எதில் நிறையக் குறையும்?" அக்காவுக்குத் துணையாகப் போன நானும் அதையேதான் கேட்டேன். மருத்துவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. அக்கா பக்கம் திரும்பி, "ராத்திரி படுத்தா நெஞ்சு எரியுதா? மூட்டு வலிக்கு என்ன மாத்திரை போடுறீங்க?" என்று கேட்டார். நான் கேட்டது என்ன, இவர் கேட்பது என்ன என்று அப்போது தோன்றியது. அந்த இரண்டு கேள்விகளும் சேர்ந்துதான் எந்த அறுவை சிகிச்சை என்பதை முடிவு செய்தன.

எத்தனை கிலோ குறையும் என்பதை வைத்து மட்டும் தேர்ந்தெடுத்தால் பிறகு வருத்தப்பட நேரலாம். இப்போது உடம்பில் என்ன தொல்லை இருக்கிறது, அறுவைக்குப் பிறகு எந்தத் தொல்லையோடு குடும்பம் நடத்த முடியும் என்பதிலிருந்து தொடங்கினால் தேர்வு பாதி சுலபமாகிவிடும். அந்த வரிசையிலேயே போவோம்.

1. முதலில் பி.எம்.ஐ. கணக்கு

எடையைக் கிலோவில் எடுத்துக்கொண்டு, உயரத்தின் மீட்டர் அளவால் இரண்டு முறை வகுத்தால் வருவதுதான் பி.எம்.ஐ. 110 கிலோ எடை, 160 செ.மீ. உயரம் உள்ள ஒருவர் என்றால், 110-ஐ 1.6-ஆல் வகுத்து, வந்ததை மறுபடியும் 1.6-ஆல் வகுக்க வேண்டும். ஏறக்குறைய 43 வரும். இந்த 110 கிலோக்காரரைக் கூடவே வைத்துக்கொள்வோம். கொஞ்ச நேரத்தில் மறுபடி தேவைப்படுவார்.

பி.எம்.ஐ. 40-க்கு மேல், அல்லது 35-க்கு மேல் இருந்து கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற நோய் இருந்தால்தான் அறுவை சிகிச்சை என்பது 1991-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதுவே நடைமுறையில் இருந்தது. 2022-ல் இந்தத் துறையின் அமெரிக்கச் சங்கமும் உலகக் கூட்டமைப்பும் சேர்ந்து அதைத் தளர்த்தின. இப்போது 35-க்கு மேல் என்றால் வேறு நோய் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம். 30-லிருந்து 35 வரை என்றால், சர்க்கரை போன்ற வளர்சிதை மாற்றக் கோளாறு இருப்பவர்களுக்குப் பரிசீலிக்கலாம். ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வந்துவிடுவதால், அவர்களுக்கு 27.5 என்பதையே வரம்பாக வைத்திருக்கிறார்கள்.

வரம்புக்குள் வந்துவிட்டோம் என்பதாலேயே அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டும் என்றில்லை. குடிப்பழக்கத்திலிருந்து மீளாதவர்கள், சிகிச்சை எடுக்காத கடும் மனநோய் உள்ளவர்கள், அடுத்த ஓராண்டுக்குள் குழந்தை பெற்றுக்கொள்ள நினைப்பவர்கள் எல்லாம் கொஞ்சம் பொறுக்க வேண்டும். தைராய்டு, அட்ரினல் போன்ற சுரப்பிக் கோளாறால் எடை ஏறியிருந்தால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும்.

எடை குறைக்கும் ஊசி மருந்துகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், எப்படியும் கேட்பீர்கள். பெரிய ஆய்வுகளில் செமாகுளுடைட் 68 வாரங்களில் உடல் எடையில் சராசரியாக 15 விழுக்காடு குறைத்தது. டிர்செபடைட், அதிகபட்ச அளவில், 72 வாரங்களில் சுமார் 21 விழுக்காடு குறைத்தது. சாதாரணமாகச் சொல்லிவிடக்கூடிய எண்கள் இல்லை இவை. ஆனால் ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்குக் குறைந்த எடையில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடுகிறது. பி.எம்.ஐ. 30-ஐ ஒட்டி இருப்பவர் ஊசியைப் பற்றி முதலில் பேசிப் பார்ப்பது நியாயம். 45-க்கு மேல் இருப்பவருக்கு ஊசி மட்டும் போதுமா என்பது சந்தேகம்தான்.

2. வயிற்றுக்குள் என்ன செய்கிறார்கள்

பெயர்கள் பலவாக இருந்தாலும் அடிப்படை வேலை இரண்டுதான். ஒன்று, இரைப்பையைச் சிறிதாக்குவது. மற்றொன்று, சிறுகுடலின் ஒரு பகுதியில் உணவு படாமல் வழியை மாற்றிவிடுவது. ஒவ்வொரு வகையும் இவற்றில் ஒன்றையோ இரண்டையுமோ செய்கிறது. கிட்டத்தட்ட எல்லாமே இன்று லேப்ராஸ்கோப்பி முறையில், வயிற்றில் நாலைந்து சிறு துளைகள் போட்டுத்தான் நடக்கின்றன.

ஸ்லீவ்: இன்று உலகில் அதிகமாகச் செய்யப்படுவது இதுதான். ஸ்லீவ் என்றால் சட்டைக் கை. வாய் வழியாக இரைப்பைக்குள் ஒரு குழாயை இறக்குவார்கள். தடிமன் சுமார் 12 மி.மீ. இருக்கும். அதை அளவுகோலாக வைத்து, அதன் ஓரமாகவே ஸ்டேப்ளரால் தைத்து வெட்டிக்கொண்டே மேலே போவார்கள். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் தனியாக வந்துவிடும். அதைத் துளை வழியாக வெளியே எடுத்துவிடுவார்கள். மிச்சம் இருப்பது சட்டைக் கை போன்ற ஒரு குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் வெட்டி எடுத்த மேல்பகுதியில்தான் சுரக்கிறது. அதனால் சாப்பிடும் அளவோடு பசியும் குறைகிறது. குடலைத் தொடுவதில்லை. வெட்டியதை மறுபடி ஒட்ட முடியாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஸ்லீவ் தனி அறுவை சிகிச்சையாகப் பிறக்கவில்லை. மிக அதிக எடை உள்ளவர்களுக்குப் பெரிய அறுவை சிகிச்சையை ஒரே மூச்சில் செய்வது ஆபத்து என்று முதல் கட்டமாக இதை மட்டும் செய்து அனுப்பினார்கள். இரண்டாம் கட்டத்துக்குத் திரும்பி வந்தபோது பலருக்கு எடை கணிசமாகக் குறைந்திருந்தது. அப்புறம்தான் இதையே தனியாகச் செய்தால் என்ன என்ற யோசனை வந்தது.

பைபாஸ்: 1966-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் தொடங்கி வைத்த வழியில் வளர்ந்தது. இரைப்பையின் மேல் நுனியில் சுமார் 30 மி.லி. பிடிக்கும் ஒரு சிறு பையை மட்டும் பிரித்துக்கொள்வார்கள். இரண்டு மேசைக்கரண்டி அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறுகுடலை வெட்டி, கீழ்முனையை மேலே இழுத்து இந்தப் பையோடு தைப்பார்கள். மேல்முனையில்தான் பித்தநீரும் கணைய நீரும் வரும்; அதை இன்னும் கீழே, ஒரு மீட்டர் தள்ளியோ அதற்கு மேலோ, குடலின் பக்கவாட்டில் இணைப்பார்கள். இரண்டு தையல் இணைப்புகள், ஆங்கில 'ஒய்' எழுத்து வடிவம். பழைய இரைப்பையை எடுத்துவிடுவதில்லை. அது உணவு வராத வெறும் பையாக உள்ளேயே இருக்கும். உணவு சீக்கிரமே குடலின் கீழ்ப்பகுதிக்குப் போவதால் பசியை அடக்கும் ஜி.எல்.பி.-1 போன்ற ஹார்மோன்கள் அதிகம் சுரக்கும். இப்போதைய ஊசி மருந்துகள் போலியாகச் செய்யும் வேலையும் அதுதான்.

மினி பைபாஸ்: 1997-ல் ராபர்ட் ரட்லெட்ஜ் தொடங்கியது. இரைப்பையை நீளமான குழாயாக்கி, குடலை வெட்டாமல் வளையமாக மேலே கொண்டுவந்து ஒரே இடத்தில் இணைப்பார்கள். ஒரே இணைப்பு என்பதால் அறுவை நேரம் குறைவு. ஆனால் 'மினி' என்ற பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். உணவு படாமல் விடப்படும் குடலின் நீளம் இதில் பெரும்பாலும் சாதாரண பைபாஸைவிட அதிகம். 150 முதல் 200 செ.மீ. வரை விடுவார்கள். மொத்தச் சிறுகுடல் ஆளுக்கு ஆள் மாறும். 4 மீட்டர் உள்ளவரும் உண்டு, 8 மீட்டர் உள்ளவரும் உண்டு. 8 மீட்டரில் 2 மீட்டர் போனால் ஒன்றுமில்லை. 4 மீட்டரில் 2 மீட்டர் போனால் சத்துக்குறைவு வாசலில் நிற்கும். "மொத்தக் குடலை அளந்து பார்த்துவிட்டுத்தான் இணைப்பீர்களா?" என்று கேளுங்கள். நல்ல மருத்துவருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும்.

டியோடினல் ஸ்விட்ச், அதன் எளிய வடிவமான 'சாடி' (SADI): ஸ்லீவ் செய்துவிட்டு, கூடவே சிறுகுடலில் பாதிக்கு மேல் ஒதுக்கிவிடுவார்கள். எடையும் சர்க்கரையும் மற்ற எதையும்விட இதில்தான் அதிகம் குறையும். புரதக் குறைவும், ஏ, டி, ஈ, கே வைட்டமின் குறைவும், ஒரு நாளைக்குப் பலமுறை இளகி மலம் போவதும் இதில்தான் அதிகம். பி.எம்.ஐ. 50-க்கு மேல் இருந்து, மாத்திரை, ரத்தப் பரிசோதனை எதையும் வாழ்நாள் முழுக்கத் தவறவிடமாட்டேன் என்பவர்களுக்கு மட்டும்தான் இதைப் பற்றிய பேச்சே. புதிதாக விசாரிக்க வந்த பலருக்கு இது தேவைப்படாது.

பேண்ட்: இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி இறுக்கும் சிலிகான் வளையம். 2001-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்துக் கொஞ்ச காலம் கொடிகட்டிப் பறந்தது. வளையம் நழுவுவது, இரைப்பைச் சுவரை அரித்துக்கொண்டு உள்ளே போவது, எடை போதுமான அளவு குறையாதது என்று பலருக்கு மறுபடியும் அறுவை தேவைப்பட்டது. இப்போது போடுவதைவிட எடுப்பதுதான் அதிகம் என்று இந்தத் துறையில் சொல்வார்கள். இன்று யாராவது முதல் தேர்வாகப் பேண்டைச் சொன்னால் ஏன் என்று இரண்டு முறை கேளுங்கள்.

பலூன், எண்டோஸ்கோப்பித் தையல்: இரண்டுமே வெட்டு இல்லாதவை. இரைப்பைக்குள் வைத்து நிரப்பும் பலூனை வழக்கமாக ஆறு மாதத்தில் எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகு எடை ஏறுவது சகஜம். எண்டோஸ்கோப்பி, அதாவது வாய் வழியாக இறக்கும் கேமராக் குழாய் வழியாக இரைப்பையை உள்ளிருந்தே மடித்துத் தைக்கும் முறையில் எடை ஸ்லீவ் அளவுக்குக் குறையாது, ஆனால் ஆபத்து குறைவு. வேறு பெரிய அறுவைக்கு முன் அவசரமாகக் கொஞ்சம் எடையைக் குறைக்க வேண்டியவர்களுக்குப் பலூன் பயன்படும்.

ஆக, பெரும்பாலோருக்கு உண்மையான தேர்வு ஸ்லீவ், பைபாஸ், மினி பைபாஸ் என்ற மூன்றுக்குள்தான்.

3. விழுக்காட்டைப் பிரித்துப் படியுங்கள்

விளம்பரங்களில் "60 விழுக்காடு குறையும்" என்று இருக்கும். எதில் 60? பெரும்பாலும் அது மொத்த எடையில் இல்லை, 'கூடுதல் எடை'யில். நம்முடைய 110 கிலோக்காரருக்கு வருவோம். 160 செ.மீ. உயரத்துக்கு பி.எம்.ஐ. 25 என்றால் 64 கிலோ. அதற்கு மேல் உள்ள 46 கிலோதான் கூடுதல் எடை. அதில் 60 விழுக்காடு என்றால் 27 கிலோ சொச்சம். அவர் 82, 83 கிலோவில் வந்து நிற்பார். 110-ல் 60 விழுக்காடு போய் 44 கிலோ ஆவார் என்று நினைத்துக்கொண்டால் ஏமாற்றம்தான்.

சரி, ஸ்லீவுக்கும் பைபாஸுக்கும் எவ்வளவு வித்தியாசம்? பின்லாந்தில் 240 பேரைச் சீட்டுக் குலுக்கல் போல இரண்டு பிரிவாக்கி நடத்திய ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2018-ல் வந்தது. ஸ்லீவ் பிரிவில் கூடுதல் எடையில் 49 விழுக்காடு குறைந்திருந்தது. பைபாஸ் பிரிவில் 57. நம் ஆளின் கணக்கில் போட்டுப் பார்த்தால் 22.5 கிலோ, 26 கிலோ. வித்தியாசம் நாலு கிலோகூட இல்லை. எதில் நிறையக் குறையும் என்று நான் கேட்டபோது மருத்துவர் பதில் சொல்லாததற்குக் காரணம் இந்த நாலு கிலோதான்.

அதே ஆய்வின் பத்தாண்டு முடிவில் வேறொன்று தெரிந்தது. எண்டோஸ்கோப்பி செய்து பார்த்ததில், அமிலம் மேலேறி உணவுக்குழாய் புண்ணாகியிருந்தவர்கள் ஸ்லீவ் பிரிவில் 31 விழுக்காடு, பைபாஸ் பிரிவில் 7 விழுக்காடு. எடையில் இல்லாத வித்தியாசம் இங்கே இருக்கிறது.

4. உங்கள் உடம்பில் ஏற்கெனவே என்ன இருக்கிறது

ஒரு தாளை எடுத்து, கீழே உள்ளவற்றில் உங்களுக்குப் பொருந்துவதை எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் போகும்போது அது கையில் இருக்கட்டும்.

நெஞ்செரிச்சல். வாரத்தில் எத்தனை நாள், படுத்தால் கூடுகிறதா, தூக்கத்தில் புளித்த நீர் தொண்டைக்கு வருகிறதா, அமில மாத்திரை போடாமல் இருக்க முடிகிறதா? ஸ்லீவ் இரைப்பையை ஒடுக்கமான குழாயாக்கிவிடுவதால் உள்ளே அழுத்தம் கூடும், அமிலம் மேலே தள்ளும். ஐந்தாண்டு தொடர்ந்த ஒரு சுவிஸ் ஆய்வில், முன்பே நெஞ்செரிச்சல் இருந்தவர்களில் ஸ்லீவுக்குப் பிறகு கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு அது மோசமானது. பைபாஸ் செய்துகொண்டவர்களில் 6 விழுக்காட்டினருக்குத்தான் மோசமானது, 60 விழுக்காட்டினருக்கு அடங்கிவிட்டது. ஆகவே கடும் நெஞ்செரிச்சல், உணவுக்குழாய்ப் புண், இரைப்பையின் மேல்பகுதி நெஞ்சுப் பக்கம் ஏறிவிடும் பெரிய ஹயாடஸ் ஹெர்னியா, உணவுக்குழாயின் உள்தோல் மாறிப்போகும் பேரட்ஸ் மாற்றம் இவற்றில் ஒன்று இருந்தால் பைபாஸ் பக்கம் சாய்வதுதான் சரி. மினி பைபாஸும் இங்கே முழுத் தீர்வு இல்லை. அதில் அமிலத்துக்குப் பதில் பித்தநீர் மேலே ஏறும் வாய்ப்பு உண்டு. ஸ்லீவ் செய்துகொண்டு, நெஞ்செரிச்சல் தாங்காமல் மறுபடி பைபாஸுக்கு மாற்றிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது அறுவை எப்போதும் முதலாவதைவிடச் சிக்கலானது.

வலி மாத்திரை. 110 கிலோவைத் தாங்கும் மூட்டு வலிக்காமல் இருக்காது. பலர் ஐபுப்ரொஃபென், டைக்லோஃபெனாக் போன்றவற்றைத் தினமும் சாக்லேட் போலப் போட்டுக்கொள்கிறார்கள். கேட்டால் "மாத்திரை எதுவும் எடுப்பதில்லை" என்பார்கள், அதையெல்லாம் மாத்திரை என்றே கணக்கில் வைப்பதில்லை. என் அக்காவும் அப்படித்தான் சொன்னார். கைப்பையைத் திறக்கச் சொன்னபோது பாதி தீர்ந்த அட்டை ஒன்று உள்ளே இருந்தது. பைபாஸிலும் மினி பைபாஸிலும் இரைப்பைப் பையும் குடலும் சேரும் இடத்தில் புண் வரும் ஆபத்து உண்டு. இந்த மாத்திரைகள் அதைக் கிளப்பிவிடும். புகைபிடித்தால் இன்னும் மோசம். புண் ரத்தம் கசியலாம், ஓட்டையாகலாம். மூட்டுவாதம் போன்ற நோயால் இவ்வகை மாத்திரையை நிறுத்தவே முடியாது என்பவருக்கு ஸ்லீவ் பாதுகாப்பானது. எடை குறைந்தால் வலியும் குறையும், பாரசிட்டமாலில் சமாளித்துக்கொள்ளலாம் என்றால் அது வேறு கணக்கு. அந்தப் பேச்சை அறுவைக்கு முன்பே பேசி முடியுங்கள்.

நெஞ்செரிச்சலும் உண்டு, வலி மாத்திரையும் விட முடியாது என்றால்? ஒன்று இந்தப் பக்கம் இழுக்கும், மற்றது அந்தப் பக்கம் இழுக்கும். அக்காவின் நிலைமையும் அதுதான். எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தபோது உணவுக்குழாய் புண்ணாகியிருந்தது தெரிந்தது. வலி மாத்திரையை மாற்ற முடியும், உணவுக்குழாயை மாற்ற முடியாது என்று மருத்துவர் சொன்னார். மூன்று மாதம் வேறு மாத்திரையிலும் உடற்பயிற்சி மருத்துவரின் உதவியிலும் ஓட்டிப் பார்த்து, முடிகிறது என்று தெரிந்த பிறகுதான் பைபாஸுக்கு நாள் குறித்தார்கள்.

சர்க்கரை நோய். எத்தனை வருடமாக, இன்சுலின் உண்டா, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி எவ்வளவு என்பவை முக்கியம். சமீபத்தில் வந்தது, மாத்திரையில் மட்டும் ஓடுகிறது என்றால் எந்த அறுவையிலும் நல்ல பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். பைபாஸ் கொஞ்சம் முந்தும். பத்துப் பதினைந்து வருடம் இன்சுலினில் இருப்பவர்களுக்குக் கணையம் களைத்துப் போயிருக்கும். சர்க்கரை கட்டுக்குள் வரும், மருந்து குறையும். நோயே போய்விடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் 150 பேரிடம் நடந்த ஆய்வில், ஐந்தாண்டுக்குப் பிறகு எச்பிஏ1சி 6-க்கோ அதற்குக் கீழோ இறங்கியவர்கள் பைபாஸில் 29 விழுக்காடு, ஸ்லீவில் 23, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், வலிப்பு போன்ற நோய்க்கு அளவு பிசகாத மருந்து எடுப்பவர்கள், குரோன்ஸ் என்ற குடல் அழற்சி உள்ளவர்கள், வயிற்றில் முன்பே பல அறுவைகள் நடந்து குடல் ஒட்டிப் போயிருப்பவர்கள் ஆகியோருக்குக் குடலைத் தொடாத ஸ்லீவ் வசதி. குடும்பத்தில் இரைப்பைப் புற்றுநோய் இருந்தால் சொல்லுங்கள். பைபாஸுக்குப் பிறகு ஒதுக்கப்பட்ட இரைப்பைக்குள் வழக்கமான எண்டோஸ்கோப்பியால் பார்க்க முடியாது. சிறுநீரகக் கல் அடிக்கடி வருபவர்களுக்குக் குடல் வழி மாற்றும் அறுவைகள் அந்தத் தொல்லையைக் கூட்டலாம்.

5. பிறகு எதனோடு வாழப் போகிறீர்கள்

பைபாஸ் செய்தவர்களுக்கே உரிய அனுபவம் ஒன்று உண்டு, 'டம்பிங்' என்பார்கள். இனிப்பான பானம் ஒரு தம்ளர் குடித்தால் போதும். அரை மணி நேரத்துக்குள் நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும், வயிறு முறுக்கும், எங்காவது படுத்தால் போதும் என்று ஆகிவிடும். சர்க்கரை ஒரே அடியாகக் குடலில் போய் விழுவதால் வருவது இது. சிலருக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கி மயக்கம் வரும். இனிப்பிலிருந்து விடுபட இதுவே காவலாக இருந்தது என்று சொல்பவர்களும் உண்டு, இதற்குப் பயந்தே ஸ்லீவை எடுத்தவர்களும் உண்டு. ஸ்லீவிலும் டம்பிங் வரலாம், ஆனால் குறைவு.

பைபாஸுக்குப் பிறகு மது சட்டென்று ஏறும், கொஞ்சத்திலேயே ஏறும். முன்பு சாப்பாட்டில் ஆறுதல் தேடியவர்கள் சிலர் அதை மதுவில் தேடத் தொடங்குவதும் நடக்கிறது. வீட்டில் இருப்பவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

பைபாஸில் குடலை இடம் மாற்றும்போது உண்டாகும் இடைவெளிகளில், எடை குறைந்து கொழுப்பு கரைந்த பிறகு, குடல் நழுவிச் சிக்கிக்கொள்ளலாம். பல ஆண்டு கழித்தும் வரலாம். சாப்பிட்ட பிறகு வந்து வந்து போகும் கடும் வயிற்று வலியை வாயு என்று ஒதுக்காதீர்கள். அந்த இடைவெளிகளைத் தைத்து மூடுவீர்களா என்று முன்பே கேட்டு வையுங்கள்.

மாத்திரை எல்லாருக்கும் உண்டு. மல்டிவைட்டமின், பி12, இரும்பு, வைட்டமின் டி, கால்சியம் சிட்ரேட். ஸ்லீவ் என்றால் வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கால்சியம் ஒரு நாளைக்கு 1200 முதல் 1500 மி.கி. வரை, பிரித்துப் பிரித்து. இரும்பு மாத்திரையோடு சேர்த்துப் போடக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். புரதம் நாளுக்கு 60 கிராமாவது போக வேண்டும். முதல் ஆண்டில் சில முறையும், அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் ரத்தப் பரிசோதனை. இதையெல்லாம் தொடர முடியாது என்று உங்களைப் பற்றி உங்களுக்கே தெரிந்தால், குடல் வழி மாற்றும் அறுவைகளைத் தள்ளி வையுங்கள். மினி பைபாஸும் டியோடினல் ஸ்விட்சும் அலட்சியத்தை மன்னிப்பதில்லை.

முடி கொட்டும், மூன்றாவது மாதம் தொடங்கிச் சில மாதங்களுக்கு. பெரும்பாலும் திரும்பி வளரும். தோல் தொங்கும்; அது தானாகப் போகாது. வேகமாக எடை குறையும்போது பித்தப்பைக் கல் உருவாகலாம் என்பதால் ஆறு மாதத்துக்கு அதற்கு ஒரு மருந்து தருவார்கள். பெண்கள் 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரை உடம்பில் சரியாகச் சேராமல் போகலாம். எடை குறைந்ததும் கருத்தரிக்கும் வாய்ப்போ கூடிவிடும். வேறு கருத்தடை முறையைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

6. முடிவெடுக்கும் முன் செய்துகொள்ள வேண்டிய பரிசோதனைகள்

எண்டோஸ்கோப்பி இல்லாமல் ஸ்லீவா பைபாஸா என்று முடிவு செய்யாதீர்கள். அறிகுறியே இல்லாமல் உணவுக்குழாய்ப் புண்ணோ ஹெர்னியாவோ இருக்கலாம். இரைப்பையில் புண் உண்டாக்கும் எச். பைலோரி கிருமி இருந்தால் முதலில் அதை ஒழிப்பார்கள். வயிற்று ஸ்கேன், ரத்தத்தில் இரும்பு, பி12, வைட்டமின் டி அளவுகள், இதயப் பரிசோதனை ஆகியவையும் உண்டு. குண்டாக இருப்பவர்களுக்குச் சத்துக் குறைவு இருக்காது என்று நினைக்கிறோம். பாதிப் பேருக்கு வைட்டமின் டி முன்பே தரைதட்டியிருக்கும். குறட்டை விடுகிறவர்கள் தூக்கப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோய் இருப்பது மயக்க மருந்து கொடுப்பவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

புகைப்பதை அறுவைக்கு ஆறு வாரத்துக்கு முன்பாவது நிறுத்த வேண்டும். கடைசி இரண்டு வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு தருவார்கள். அது எடையைக் குறைக்க என்பதைவிட, வீங்கிய கல்லீரலைச் சுருக்கத்தான். இரைப்பைக்கு மேலேயே கல்லீரல் படுத்திருப்பதால், அது பெரிதாக இருந்தால் மருத்துவருக்கு வேலை செய்ய இடம் கிடைக்காது. அந்த இரண்டு வாரத்தில் ஏமாற்றிச் சாப்பிட்டால் அறுவை மேசையில் தெரிந்துவிடும்.

7. மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

"எனக்கு எது நல்லது?" என்று மட்டும் கேட்டால் அவர் வழக்கமாகச் செய்வதைச் சொல்வார். "எனக்கு ஏன் மற்றது வேண்டாம்?" என்று கேளுங்கள். உங்கள் நெஞ்செரிச்சல், மாத்திரை, சர்க்கரையை வைத்துக் காரணம் வந்தால் நல்லது. வருகிற எல்லாருக்கும் ஒரே அறுவைதான் என்றால் இன்னொருவரிடமும் கருத்துக் கேட்டுவிடுங்கள்.

இந்த வகையை மட்டும் கடந்த ஓராண்டில் எத்தனை செய்திருக்கிறீர்கள், தையல் கசிவு எத்தனை பேருக்கு வந்தது, வந்தால் இங்கேயே சரிசெய்வீர்களா, ராத்திரி இரண்டு மணிக்கு எந்த எண்ணில் கூப்பிடுவது, உணவியல் வல்லுநர் எத்தனை மாதம் கூட இருப்பார்? கசிவு பழகிய கைகளில் நூற்றில் ஒருவருக்கு வரலாம். உயிரிழப்பு ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில் இருக்கும், அதாவது பித்தப்பை அறுவைக்குப் பக்கத்தில். "கசிவே வந்ததில்லை" என்று சொல்பவர் ஒன்று மிகக் குறைவாகச் செய்திருப்பார், அல்லது மறந்திருப்பார்.

8. வீட்டுக்கு வந்த பிறகு

முதலில் திரவம், பிறகு மசித்தது, பிறகு மென்மையானது, சுமார் ஒன்றரை இரண்டு மாதத்தில் சாதாரண உணவு. தண்ணீரை மடக்கு மடக்காக நாள் முழுக்கக் குடிக்க வேண்டும், சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கக் கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்த மருந்துகளின் அளவை அறுவை முடிந்த நாளிலிருந்தே மாற்ற வேண்டியிருக்கும். பழைய அளவிலேயே இன்சுலின் போட்டால் ஆபத்து.

நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டி இறங்காமல் இருப்பது, காய்ச்சல், தோளுக்குப் பரவும் வயிற்று வலி, மூச்சு வாங்குவது, ஒரு காலில் மட்டும் வீக்கம் இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வாந்தி நாள்கணக்கில் நிற்கவில்லை என்றாலும் அப்படித்தான். தயமின் என்ற பி1 வைட்டமின் தீர்ந்து மூளையைப் பாதிக்கலாம். மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எடை 12 முதல் 18 மாதத்தில் அடிமட்டத்தைத் தொடும். பிறகு கொஞ்சம் ஏறும். எல்லா வகையிலும் ஏறும். ஐந்து கிலோ ஏறியதும் அறுவை தோற்றுவிட்டது என்று சோர்ந்து மருத்துவரிடம் போவதை நிறுத்துகிறவர்கள் அதிகம். போக வேண்டிய நேரமே அதுதான்.

மருத்துவமனையிலிருந்து கிளம்பும் அன்று அறுவைக் குறிப்பின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். என்ன வகை, எந்தத் தேதி, பை எவ்வளவு, குடலை எத்தனை செ.மீ. விட்டு இணைத்தார்கள், இடைவெளிகளை மூடினார்களா என்று அதில் இருக்கும். அதைப் படம் எடுத்துக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள். பத்து வருடம் கழித்து வேறொரு ஊரில் வயிற்று வலி என்று போய்ப் படுத்தால், அங்கே இருக்கும் மருத்துவர் முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான். என் அக்கா அதைத் தன் கைப்பையில், அந்த மாத்திரை அட்டை இருந்த இடத்தில் வைத்திருக்கிறார்.